புதன்கிழமைச் சட்டி

சேலத்தில் தை மாதம் முடிவதற்குள்ளாகவே பால் திரியத் தொடங்கிவிடும். காலை ஆறு மணிக்குக் கறந்த பால் பத்து மணிக்கு ஐயத்துக்குரியதாகும். பதினொரு மணிக்கும் அதை நம்புகிறவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. 1986ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நான் செய்தவை அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்து முறையாகப் பிறந்தவை. சுவாமி அவர்கள் இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பங்குச் சுவாமியான தாங்கள் பாவ அறிக்கை கேட்க அமரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கடந்த மூன்று சனிக்கிழமைகள் மண்டியிட்டேன். மூன்று முறையும் நான் முன்னுரையைத் தாண்டவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் இருமினார்கள். ஒருத்தி செருப்பைத் தரையில் தேய்த்தாள். இறுதியில் தாங்களே, "மாஸ்டர், எழுதிக் கொண்டாந்து குடுத்துடுங்க. நான் நிதானமாப் படிச்சுக்கிறேன்" என்றீர்கள். எழுதிவிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். இந்த எழுத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இராது. என் செயலில் உண்டா என்பதைத் தாங்கள் முடிவு செய்யலாம். என் மனைவி முன்பே முடிவு செய்துவிட்டாள்.

என் ஒரே மகன் சவேரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் மேற்பார்வையாளன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டி ஆண்டில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் நிற்கும். அவனும் அங்கேயே நிற்பான். ஆகவே அவன் மனைவி ரோசி எங்களோடு இருந்தாள். அந்த ஆண்டு சனவரியில் அவளுக்கு நான்காம் மாதம். நான்காம் மாதத்தில் வாந்தி குறையும் என்று எல்லாரும் சொன்னார்கள். குறையவில்லை. சோறு நிற்கவில்லை, இட்டிலி நிற்கவில்லை, கஞ்சியின் மேல்தண்ணீர்கூட நிற்கவில்லை. கழுத்தெலும்பு வெளியே தெரியத் தொடங்கியது.

"ஏனுங்க, புள்ள உருகிட்டே போகுது. நீங்க என்னடான்னா பேப்பர்ல கண்ண நட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி அந்தோணிமேரி.

"அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேள்" என்றேன். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. இந்த விவகாரம் என்னிடமிருந்து தொடங்கியது என்று கூறுவோர், அது என்னுடைய அக்கறையிலிருந்து தொடங்கியது என்பதையும் கூற வேண்டும்.

ரோசி சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்: "எங்கப்பா செய்யற சீஸ் ஒரு துண்டு இருந்தா நின்னுக்கும்னு தோணுதுங்க அத்தை."

"பாலாடைக்கட்டி" என்றேன்.

"எந்தப் பேரு சொன்னா என்னங்க, வவுத்துல நின்னாச் சரி" என்றாள் அந்தோணிமேரி.

ரோசியின் தந்தை லாசரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். மேட்டூரில், வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கும் பங்களா ஒன்றில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பட்லராக இருந்தார். டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஒருவரின் மனைவி அவருக்கு இந்தப் பாலாடைக்கட்டியைச் செய்யக் கற்றுக்கொடுத்தாள். துண்டு போட முடியாத அளவு மென்மையானது. கரண்டியால்தான் எடுக்க வேண்டும். பங்களாவில் மிஞ்சியதை உண்டே ரோசி வளர்ந்தாள். சம்பந்தம் பேசியபோது எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. பெண்ணின் தந்தை சமையற்காரர் என்பதன்று குறை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு மனிதர், நாற்பது நிமிடம் யாப்பிலக்கணம் நடத்தக்கூடிய என் முன்னால் எந்தக் கூச்சமும் இன்றிச் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதே குறை. நிச்சயதார்த்தத்தில் அவர் சமைத்த மீன் குழம்பை அனைவரும் புகழ்ந்தனர். என் வாழ்த்துப்பாவை யாரும் புகழவில்லை. இவை தொடர்பற்றவை; ஒழுங்குக்காகக் குறிப்பிடுகிறேன்.

லாசருக்குக் கடிதம் போயிற்று. வாரந்தோறும் புதன்கிழமை, ஜலகண்டாபுரம் வழியாகச் சேலம் வரும் பேருந்தில் ஒரு மண்சட்டியைக் கொடுத்தனுப்புவதாக அவர் பதில் எழுதினார். ஒன்பதரைக்குப் பேருந்து நிலையத்தில் அதைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பை நானே ஏற்றேன். அந்தோணிமேரி வியப்போடு என்னைப் பார்த்தாள். நான் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தே பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதல் சட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, நகராட்சிப் படிப்பகத்தில் பழைய செய்தித்தாள் ஒன்றில் ஒரு செய்தியைக் கண்டேன். முந்தைய ஆண்டு அமெரிக்காவில், காய்ச்சாத பால் கலந்த மென்மையான பாலாடைக்கட்டியை உண்ட கர்ப்பிணிகள் காய்ச்சலில் விழுந்தனர். வயிற்றிலிருந்த குழந்தைகள் சில இறந்தன. அந்தக் கிருமி மற்றவர்களைப் பெரிதும் வருத்துவதில்லையாம். கருவுற்றவர்களைத் தேடிப் பிடிக்குமாம். படிப்பகத்துத் தாளைக் கிழிப்பது குற்றம்; ஆகவே அதைப் பென்சிலால் படியெடுத்தேன். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் என் தாளில் இடம் போதவில்லை.

புதன்கிழமை நடத்துநர் செங்கோடன் சட்டியை இரு கையாலும் நீட்டினார். "வாத்தியாரய்யா, சம்பந்தி ஊட்டுச் சட்டிங்க. ஜலகண்டாபுரத்துல அத்தன நெரிசல், ஒரு ஆள ஒக்கார விடாம இதுக்கு சீட்டுப் போட்டுக் கொண்டாந்தனுங்க" என்றார். வாயை வாழையிலையால் மூடி, ஈரத்துணியால் இறுகக் கட்டியிருந்தது. கையில் குளிர்ச்சியாக இருந்தது.

பேருந்து நிலையத்தின் பின்புறம், எடை பார்க்கும் இயந்திரத்துக்கு அருகில் ஒரு சிமெண்டு இருக்கை உண்டு. அங்கே அமர்ந்து கட்டை அவிழ்த்தேன். கருவுற்ற பெண் ஒருத்திக்கு நாம் தரும் பண்டத்தை யாரேனும் முதலில் சோதிக்க வேண்டும். அரசர்களுக்கு அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ரோசிக்கு நான் மட்டுமே இருந்தேன். இலையின் ஓரத்தைக் கிழித்து மடித்து, ஒரு வாய் எடுத்தேன்.

அது வெண்மையாக இருந்தது. விரலால் தொட்டால் குழிந்தது. விரலை எடுத்தால் குழி மெல்ல நிறைந்தது. முதலில் உப்பு தெரிந்தது. பிறகு ஓர் இளம்புளிப்பு வந்து, உப்பை விலக்காமல் அதன் அருகிலேயே அமர்ந்துகொண்டது. நாக்கில் வேலை எதுவும் இல்லை. அது தானே போயிற்று. நான் இவ்வளவு விரிவாகக் கூறுவது, சோதனை கவனத்தோடு நடந்தது என்பதைத் தாங்கள் அறிவதற்காக.

மேலே எடுத்த ஒரு வாய், மேற்பகுதி நன்று என்பதை மட்டுமே காட்டும். கெடுதி அடியில் தங்கும் இயல்புடையது. அடியை அடைவதற்கு நடுப்பகுதியைக் கடக்க வேண்டியிருந்தது. அடியும் நன்றாகவே இருந்தது. ஆனால் சோதனை முடிவுற்றபோது, நன்று என்று சான்றளிப்பதற்குச் சட்டியில் ஒன்றும் இல்லை.

வீட்டில், "திரிந்து வந்தது; கொட்டிவிட்டேன்" என்றேன். ரோசி உள்ளே சென்றாள். சற்றுக் கழித்து அவள் அழுவது கேட்டது. வாந்தி எடுப்பதைவிட அழுவது உடலுக்குக் குறைந்த கேடு என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றே லாசருக்கு எழுதினேன்: "பேரன்புடைய சம்பந்தி அவர்கட்கு, தாங்கள் அனுப்பிய பண்டம் உண்ணத் தகாததாய் வந்து சேர்ந்தது. தங்கள் கைப்பக்குவத்தில் ஐயமில்லை. எனினும் முதுமை எவரையும் விடுவதில்லை." கடிதம் சுருக்கமாகவும் பண்போடும் இருந்தது.

சட்டியைப் பேருந்து நிலையக் குழாயிலேயே கழுவி, திரும்பும் பேருந்தில் செங்கோடனிடம் கொடுத்திருந்தேன். சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது எங்கள் பக்கத்தில் பெரும் அவமரியாதை. எதிர்க்கடையில் ஒரு பிடி நாட்டுச்சர்க்கரை வாங்கி, காகிதத்தில் மடித்து உள்ளே வைத்தேன். நான் முறை தவறுகிறவன் அல்லன்.

ஒரு வாரம் என் உடலைக் கவனித்தேன். காய்ச்சல் இல்லை, தலைவலியும் இல்லை. அப்போதுதான் என் சோதனையின் குறை எனக்கு விளங்கிற்று. அந்தக் கிருமி கருவுற்றவர்களையே பிடிக்கும். நான் கருவுற்றவன் அல்லன். ஆகவே நான் நலமாக இருப்பது எதையும் மெய்ப்பிக்கவில்லை. சோதனையை மீண்டும் செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இரண்டாம் புதன்கிழமை திருநீற்றுப் புதன். காலையில் தங்கள் கையால் நெற்றியில் சாம்பல் பெற்று, நேரே பேருந்து நிலையம் சென்றேன். அன்று ஒருசந்தி, ஒரு வேளை மட்டுமே முழு உணவு கொள்ளலாம். அந்த ஒரு வேளையை நான் ஒன்பதரைக்கு வைத்துக்கொண்டேன். புலால் நாற்பது நாளும் விலக்கியிருந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. மறு ஞாயிறு பிரசங்கத்தில், "நம்ம மாஸ்டரைப் பாருங்கள், இந்த வயதிலும் என்ன ஒறுத்தல்" என்று தாங்கள் கூறியபோது, எனக்கு முன்னால் அமர்ந்திருந்த அந்தோணிமேரி திரும்பி என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு தேக்கரண்டியை எடுத்துச் சென்றேன்; இலை சுகாதாரமானதன்று. நான்காம் வாரம் மிளகுத்தூள். ஐந்தாம் வாரம், பாலாடைக்கட்டியைத் தனியே உண்பதற்கும் ரொட்டியோடு உண்பதற்கும் வயிற்றில் வேறுபாடு இருக்கலாம் என்று தோன்றியதால், அடுமனையில் ஒரு பன் வாங்கினேன். செங்கோடன் ஒருநாள், "வாத்தியாரய்யா கழுவுற சட்டி பீங்கானாட்டம் மினுங்குதுங்களே. எங்க ஊட்டுக்காரிக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார். நான் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் லாசருக்கு எழுதினேன். அவர் ஒவ்வொரு வாரமும் எதையாவது மாற்றினார். மாட்டை மாற்றினார். வடிகட்டும் மல்துணியை மாற்றினார். சட்டியை ஈரமணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் வைத்து அனுப்பினார். ஒரு வாரம் உப்பைச் சற்றுக் குறைத்திருந்தார். அது மிகச் சரியான முடிவு. என் கடிதங்களால் பண்டத்தின் தரம் வாரந்தோறும் உயர்ந்தது என்பதைத் தாழ்மையோடு சுட்டிக்காட்டுகிறேன். அவர் கடிதங்கள்தாம் சுருங்கிக்கொண்டே வந்தன. ஐந்தாம் கடிதத்தில் இருந்தது இவ்வளவே: "இந்த தடவயும் கெட்டுப்போச்சுங்களா. என் கை போயிருச்சு போலங்க. பங்குக்கோயில்ல ஈஸ்டர் விருந்துக்கு சமைக்க கூப்ட்டாங்க, முடியாதுன்னுட்டேன்." அதில் நிறுத்தக்குறி ஒன்றும் சரியாக இல்லை. சிவப்பு மையால் திருத்திக் கோப்பில் வைத்தேன்.

மார்ச்சு பதினேழாம் நாள், தெருக்குழாயடியில் ரோசி மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் சேர்த்துக் கையில் ஊசி குத்திக் குளுக்கோசு ஏற்றினார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் என்னையும் அந்தோணிமேரியையும் நிற்க வைத்துக் கேட்டார்: "ஆறாவது மாசம். எடை ஏறணும், ரெண்டு கிலோ எறங்கியிருக்கு. இப்படியே போனா கொழந்தையப் பத்தி நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது. வீட்ல என்னதான் குடுக்கறீங்க?"

"குடுக்கறதெல்லாம் வெளிய வருதுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு நிக்கும்ங்கறா. அது வந்து சேர மாட்டேங்குது" என்றாள் அந்தோணிமேரி.

இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை. ஏழாம் சட்டி. சுவாமி, அன்று நான் அதைப் பிரிக்காமல் நேரே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை மைல் நடந்தேன். ஆனால் வாயிலில், 'வெளி உணவுப் பண்டங்கள் கொண்டுவரக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கிற்று. அதில் இரண்டு பிழைகள் இருந்தன. ஆயினும் விதி விதிதான். விதியை மீற என் மனம் ஒப்பவில்லை. பண்டத்தைத் தெருவில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. வாயிலை ஒட்டிய வேப்பமர நிழலில் நின்று அதை முடித்துவிட்டு மாடியேறினேன்.

ரோசியின் கையில் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறி இறங்கிற்று. "மாமா, இன்னிக்குப் புதன்கெழமையாச்சே. சட்டி வந்துச்சுங்களா?" என்றாள்.

"வந்தது. திரிந்திருந்தது" என்றேன்.

அவள் என் மீசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மூஞ்சி கழுவிக்குங்க மாமா. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். நோயிலும் மாமனாரின் களைப்பைக் கவனிக்கும் மருமகள் என்று மனம் நெகிழ்ந்தேன். தாழ்வாரத்தில் கண்ணாடி இருந்தது. மீசையின் வலப்பக்கத்தில் வெண்மையாகச் சிறிது இருந்தது. அதையும் வீணாக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் புதன்கிழமை ஒன்பதரைக்கு நான் எடை இயந்திரத்தருகே நின்றுகொண்டிருந்தேன். பேருந்து வந்தது. செங்கோடன் படியிலிருந்தே கூவினார்: "வாத்தியாரய்யா, இன்னைக்குச் சட்டி தனியா வரலீங்க. தொணைக்குச் சம்பந்தியும் வாராருங்க."

லாசர் இறங்கினார். தோளில் ஒரு துணிப்பை; மடியில் வைத்தே வந்த சட்டியை அவர் என்னிடம் தரவில்லை. "கனமொண்ணும் இல்லீங்க, நானே தூக்கியாறேன்" என்றார். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினேன். மார்ச்சில் மழை பெய்வதில்லை.

முந்தைய நாள்தான் ரோசி மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தாள். சமையலறையில் லாசர் கட்டை அவிழ்த்து, கரண்டியில் எடுத்து மகளின் வாயில் வைத்தார். ஒரு கரண்டி, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அது நின்றது. அந்தோணிமேரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சட்டியில் இன்னும் பாதி இருந்தது என்பதை நான் கவனித்தேன்.

அப்போது லாசர் துணிப்பையிலிருந்து ஏழு காகிதப் பொட்டலங்களை எடுத்து, அம்மிக்கல் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நாட்டுச்சர்க்கரை.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கெட்டுப்போன பண்டம் வந்த சட்டிய எங்கியாச்சும் சர்க்கரை போட்டுத் திருப்புவாங்களா? கெட்டிருந்தா நாத்தத்தோட அப்படியே கமுத்தி அனுப்புவாங்க. சர்க்கரை வெச்சா, வவுறார உண்டோம், அடுத்த வாட்டியும் அனுப்புங்கன்னு அர்த்தமுங்க. அஞ்சு வாரமா என் கையவே சந்தேகப்பட்டு ஒக்காந்திருந்தனுங்க. ஆறாவது வாரந்தான் சர்க்கரைய உத்துப் பாத்தேன்."

பிறந்தது முதல் நான் பிழையின்றிக் கடைப்பிடித்த ஒரு முறை எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று. அந்தோணிமேரி எழுந்து உள்ளே போனாள். என் அகராதியோடு திரும்பினாள். அதை விரித்து உதறியபோது, எடை இயந்திரத்தின் அட்டைகள் ஏழும் தரையில் விழுந்தன. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் எடை பார்த்து வைப்பது என் வழக்கம்; ஆய்வுக்குப் பதிவு வேண்டும்.

"அம்பத்தாறு. அம்பத்தாறரை. இங்க பாருங்க, அம்பத்தெட்டு" என்று அவள் உரக்கப் படித்தாள். "கறி வேண்டாம், மீன் வேண்டாம், நான் தபசு இருக்கேன்னு சொன்ன மனுசனுக்குப் பொத்தான் எதுக்குத் தெறிக்குதுன்னு நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன் சம்பந்தி. சாமி கும்புட்டு ஊதிப்போன மனுசன இந்த ஊர்ல இவுரத்தான் மொதல்ல பாக்கறேன்." கடைசி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த பலனையும் படித்தாள்: 'நீங்கள் பிறருக்காக வாழ்பவர்.'

ரோசி சிரித்தாள். மூன்று மாதங்களில் அவள் சிரித்தது அதுவே முதல் முறை. அதில் என் பங்கும் உண்டு என்பதை யாரும் குறிப்பிடவில்லை.

ரோசி இழந்தது இரண்டு கிலோ. நான் பெற்றதும் இரண்டு கிலோ. குடும்பத்தின் மொத்த எடையில் மாற்றமில்லை. இதைச் சொல்ல வாய் திறந்தேன்; அந்தோணிமேரியின் கையில் அகராதி இருந்ததால் சொல்லவில்லை.

மாறாக, என் பென்சில் படியை எடுத்துப் படித்தேன். அமெரிக்கா, காய்ச்சாத பால், கருவிலிருந்த குழந்தைகள். குழந்தையைக் காப்பதற்காகவே இத்தனையும் செய்தேன் என்றேன்.

"அதேதானுங்களே நானும் மொதச் சட்டியிலயே எழுதி வெச்சிருந்தேன்" என்றார் லாசர்.

எழுதி வைத்திருந்தார். இலைக்கு அடியில், நான்காக மடித்த ஒரு தாள். முதல் புதன்கிழமை, முதல் வாய்க்கும் முன்பே அதைப் படித்துவிட்டேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. இப்போது இந்தப் பக்கங்களோடு இணைத்திருக்கிறேன். என் திருத்தங்களை நீக்கிப் படித்தால் அது இவ்வாறு இருக்கும்:

"கும்பிட்டுக்கறேனுங்க. இந்த சீசு பச்சப்பால்ல செஞ்சதில்லீங்க. பால மூணு பொங்கு பொங்கவிட்டு எறக்கி ஆத்தித்தான் ஒறை ஊத்தினேன். மாசமா இருக்கறவங்களுக்குப் பச்சப்பால் சீசு ஆகாது, புள்ளைக்கே ஆபத்துன்னு டென்மார்க்கு தொரசானி சொல்லிக் குடுத்திருக்காங்க. சட்டி வந்ததும் ஈரத்துணியோட நெழல்ல வெச்சு அன்னிக்கே குடுத்துருங்க. மிச்சம் இருந்தா மறுநாளைக்கு வெக்க வேண்டாம். மனசு கேக்காட்டி வாணல்ல போட்டுக் கொதிக்கச் சுட வெச்சுக் குடுங்க, ருசி போனாலும் பயமில்ல."

பதினொரு பிழைகள். அத்தனை பிழைகளோடு எழுதும் ஒருவர் பாலை மட்டும் பிழையின்றிக் காய்ச்சுவார் என்று நான் எவ்வாறு நம்புவது? இதை என் தரப்பின் முதன்மையான வாதமாகக் கொள்ள வேண்டுகிறேன். படிப்பகச் செய்தியில் நான் படியெடுக்காது விட்ட கடைசி வாக்கியத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். இந்தத் தாளில் இடம் இருக்கிறது. 'நன்கு காய்ச்சிய பாலில் தூய்மையாகச் செய்ததற்கும், கொதிக்கச் சமைத்ததற்கும் இந்த அபாயம் இல்லை.'

லாசர் பெரிய வாரம் முழுவதும் எங்கள் வீட்டிலேயே தங்கினார். பால்காரரின் பாலை எங்கள் அடுப்பிலேயே, அனைவரும் காண, மூன்று முறை பொங்கவிட்டார். காலையில் பாலாடைக்கட்டியைத் தோசைமேல் சுடச்சுடத் தேய்த்து ரோசிக்குக் கொடுத்தார். சமையலறை வாசலில் அந்தோணிமேரி முக்காலி போட்டு அமர்ந்திருந்தாள். எனக்கு வாசலுக்கு வெளியே கஞ்சி மட்டும் தரப்பட்டது. "தபசு உட்டுறாதீங்க, இன்னும் நாலு நாள்தான்" என்றாள். ஏப்பிரல் இறுதியில் ரோசி மூன்று கிலோ ஏறியிருந்தாள். சூலைத் தொடக்கத்தில் என் பேத்தி பிறந்தாள். ஏறத்தாழ மூன்று கிலோ. இவ்வளவு கவனத்தோடு காக்கப்பட்ட குழந்தை நலமாகப் பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.

லாசர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்தார். அன்று முதல் மேட்டூரிலிருந்து எனக்கென்றே தனியாக ஒரு சிறிய சட்டி வருகிறது. துணிமேல் 'வாத்தியாருக்கு' என்று கரியால் எழுதியிருக்கும். அதே பால், அதே உப்பு, அதே கை. இரண்டு ஆண்டுகளாக உண்டு பார்க்கிறேன். என்ன காரணமோ, அந்தப் பழைய சுவை அதில் இல்லை. பேருந்து நிலையத்துச் சிமெண்டு இருக்கையில் அமர்ந்தும் உண்டு பார்த்தேன். இல்லை.

இப்போது ரோசிக்கு மறுபடியும் மூன்றாம் மாதம். மறுபடியும் வாந்தி. வரும் புதன்கிழமையிலிருந்து லாசர் அவளுக்கும் ஒரு சட்டி அனுப்புகிறார். இதைச் சுவாமியிடம் சொல்லித் தீர்க்காமல் நான் பேருந்து நிலையத்தின் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது அந்தோணிமேரியின் தீர்ப்பு. அதனால்தான் மூன்று சனிக்கிழமைகள் மண்டியிட்டேன்; அதனால்தான் இதை எழுதினேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: ஏழு சட்டிகளையும் நானே உண்டேன். பால் காய்ச்சியது என்று அறிந்தே உண்டேன். பட்டினி கிடந்த ஒருத்தியிடமிருந்து எடுத்து உண்டேன். ஒரு நல்ல மனிதரின் கை போயிற்று என்று அவரையே நம்ப வைத்தேன். தாங்கள் விதிக்கும் பிராயச்சித்தம் எதுவாயினும் செய்கிறேன். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை வேண்டுமானால் நாள்தோறும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு தாங்கள் அந்தோணிமேரியிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். வெயில் இந்த ஆண்டு முன்னதாகவே ஏறிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு யாரேனும் பொறுப்பானவர் போயாக வேண்டும். புதன்கிழமை இரண்டு சட்டிகள் வரும். என்னுடையதில் என் பெயர் எழுதியிருக்கும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சோதிக்க வேண்டியது மற்றதைத்தான்.